பன்னிரண்டு நேயர்களின் பொன்விழா

பொன்விழா மலரில் வன்னியபெருமாளின் வாழ்க்கைக் குறிப்பு இரண்டு பக்கம் வந்திருக்கிறது. எழுதியவன் நான். அதில் அவன் பெயரையும் ஊரையும் நம்பலாம். பிறந்த வருஷத்தைக்கூட அவன் கேட்டுக்கொண்டபடி இரண்டு வருஷம் தள்ளித்தான் போட்டேன். 'வானொலிக்காகத் தன் வாழ்வையே அர்ப்பணித்தவர்' என்று நான்காவது வரியில் இருக்கிறது. அதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுதி, பிழை திருத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இப்போது அதே வாழ்க்கையை, யாரும் கேட்காமல், நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் தேவபிரசாதம். நாசரேத்துக்காரன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் சரக்குப் பட்டியல் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவன். வன்னியபெருமாள் ஓட்டப்பிடாரம் பக்கம். பஜாரில் அவனுக்குப் பாத்திரக்கடை, அவன் அப்பா வைத்துவிட்டுப் போனது. ஐம்பது வருஷத்தில் அந்தக் கடையை அவன் பெருக்கவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். அவனுக்கு இருந்த ஒரே ஆசை, தன் பெயரை நாலு பேர் கேட்க வேண்டும் என்பது. அதற்காக எதையாவது செய்ய வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றியதில்லை.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வழிதான் வானொலி. எங்கள் வாலிபத்தில் இந்தக் கரையில் எல்லாருக்கும் கடலுக்கு அந்தப் பக்கத்து வானொலிதான். பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்கும். பாட்டுக் கேட்டுக் கார்டு எழுதிப் போட்டால், பாட்டுக்கு முன்னால் கேட்டவர்களின் பெயரை வாசிப்பார்கள். ஊர் ஊராக நேயர் மன்றங்கள் முளைத்தது இதனால்தான். பாட்டுக்காக ஒருத்தனும் கார்டு போடவில்லை. பாட்டு எப்படியும் வரும். பெயர் வர வேண்டும், அதைத் தெருவில் நாலு வீட்டில் கேட்க வேண்டும், மறுநாள் டீக்கடையில் யாராவது அதைச் சொல்ல வேண்டும்.

1976 ஆகஸ்டில் முத்துக்கரை நேயர் மன்றம் அவன் கடையின் பின்கட்டில் தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் மூன்று பேர். தலைவர் வன்னியபெருமாள். செயலாளர் செந்தூர்வேல், உப்பளத்தில் எடை எழுதுகிறவன், நல்ல மனுஷன், செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. மூன்றாவது ஆள் நான். மூன்று பெயர் உள்ள கார்டை நிலையத்தில் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று மன்றக்காரர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. ஒரு டஜன் பெயர் இருந்தால்தான் மதிப்பு. அந்த ஒன்பது பெயருக்கு வன்னியபெருமாள் எங்கும் அலையவில்லை. கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கிறவர்கள், பெயர் வெட்டுவதற்காகத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டான். சந்தனமாரி, ஜீவமணி, இன்பமணி, முத்துவடிவு, சூசைமிக்கேல், கிருபாபாய், பட்டுராஜ், ஞானதுரை, செல்வராணி. இவர்களில் ஒருவரையும் நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. செல்வராணி ஒரு செப்புக் குடத்தின் கழுத்தில் இருந்த பெயர்.

என் பெயரைக் கடைசியில் போட்டான். ஏன் என்று கேட்டேன். "நாசரேத்துக்காரன் வாலுல இருக்கட்டும்ல, உனக்கு என்ன கொறஞ்சு போவுது" என்றான். குறைந்துதான் போனது. அறிவிப்பாளர்களுக்கு நேரம் போதாது. எட்டு, ஒன்பது பெயர் வாசித்துவிட்டு 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுவார்கள். ஊரில் இல்லாத முத்துவடிவும் கிருபாபாயும் கடல் கடந்து ஒலித்தார்கள். நான் வருஷக்கணக்கில் மற்றும் பலராக இருந்தேன்.

இந்தக் கார்டுகளை எழுதியது யார் என்பதுதான் மலரில் நான் எழுதாமல் விட்ட விஷயம். வன்னியபெருமாளின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எழுதியவள் முருகேஸ்வரி, அவன் பெண்டாட்டி. மன்றம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள். பத்தாவது வரை படித்தவள், அச்சு மாதிரி எழுதுவாள். எந்தப் பாட்டைக் கேட்பது என்று முடிவு செய்ததும் அவள்தான். வன்னியபெருமாளுக்கு இரண்டு பாட்டுக்கு வித்தியாசம் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. எந்தப் பாட்டு எந்தத் தேதியில் எங்களுக்காக ஒலித்தது, அன்றைக்கு யார் வாசித்தார், எத்தனை பெயர் வாசித்தார் என்பதை அவள் அடுப்பு வேலைக்கு நடுவில் கேட்டு மனதில் வைத்திருப்பாள். கேட்டால் சொல்லுவாள். நாங்கள் கேட்டதில்லை.

பன்னிரண்டு பெயரில் அவள் பெயர் கிடையாது. ஒரே ஒரு தடவை அவளாகவே பதின்மூன்றாவதாக எழுதிவிட்டாள். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், அந்த நாளுக்கென்று ஒரு பாட்டுக் கேட்டிருந்தாள். தபாலில் போடுமுன் வன்னியபெருமாள் பார்த்துவிட்டான். நானும் செந்தூர்வேலும் அங்கே இருந்தோம்.

"ஏளா, இது என்ன, உன் பேரு இங்கன கெடக்கு?"

"பன்னெண்டோட ஒண்ணு கூடத்தான இருக்கு. இருந்துட்டுப் போட்டும்" என்றாள்.

"வீட்டுப் பொம்பள பேர ஊரு பூரா கேக்கதுக்கா நான் மன்றம் நடத்துதேன்?"

கார்டை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுக் கார்டைக் கையில் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னான். யார் வீட்டுப் பெண்ணோ, அந்தச் செல்வராணியின் பெயரை ஊர் கேட்கலாம், அதில் அவனுக்குக் கூச்சம் இல்லை. செந்தூர்வேல் தலையைக் குனிந்துகொண்டான். நான் சிரித்தேன். வேடிக்கையாக இருந்தது என்று நினைக்கிறேன். முருகேஸ்வரி உட்கார்ந்து பன்னிரண்டு பெயரையும் முதலிலிருந்து எழுதினாள்.

எண்பதுகளின் நடுவில் டிவி வந்தது, மன்றம் படுத்தது. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுத்தவன் ஜாபேஸ்.

ஜாபேஸுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். கல்யாணங்களுக்கு டிரோன் விடுகிறவன். கூடவே இணையத்தில் 'இதே நாளில்' என்று ஒரு சேனல் வைத்திருக்கிறான். சென்னைக்கு டிவி வந்து ஐம்பது வருஷம், கலர் டிவி வந்து நாற்பத்து மூன்று வருஷம், கேசட் வந்து அறுபத்திரண்டு வருஷம், இன்ன பாடகர் பிறந்த நாள், இன்னார் செத்த நாள், இன்ன படத்தின் பாட்டுகள் வெள்ளிவிழா. எல்லாவற்றுக்கும் ஒரே பின்னணி இசை, ஒரே பூ உதிர்கிற படம். பிறந்தவருக்கும் அதே பூதான், செத்தவருக்கும் அதே பூதான். ஒரு முழுப் பாட்டை அவன் இருந்து கேட்டு நான் பார்த்ததில்லை. முப்பது விநாடிக்கு மேல் போட்டால் உரிமைக்காரர்கள் சண்டைக்கு வருவார்களாம், அதனால் முப்பது விநாடிக்கு மேல் அவனுக்குத் தேவைப்படவும் இல்லை. தேதி கிடைத்தால் போதும். நாள்காட்டியைக் கறந்து பிழைக்கிறவன்.

இவனிடம் மன்றத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு கேசட் இருந்தது. செந்தூர்வேல் ரேடியோவிலிருந்து பதிவு செய்தது. அந்த ஒரு நாள், ஒரே ஒரு நாள், அறிவிப்பாளர் பன்னிரண்டு பெயரையும் கடைசிவரை வாசித்திருந்தார். என் பெயர் அதில் இருக்கிறது. ஜாபேஸ் பழைய ஒலிப்பதிவு இருந்தால் கொடுங்கள் என்று சேனலில் கேட்டிருந்தான். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் கேட்டுவிட்டு ஒரு வாரத்தில் வன்னியபெருமாள் வீட்டுக்கே வந்துவிட்டான். நானும் போயிருந்தேன். முருகேஸ்வரி எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள்.

"அண்ணாச்சி, உங்க மன்றத்துக்கு இது பொன்விழா வருஷம். பெருசா பண்ணுவோம். கேசட்ல உள்ள பன்னெண்டு பேருக்கும் ஷீல்டு. உங்களுக்கு வானொலிச் செம்மல்னு பட்டம்" என்றான் ஜாபேஸ்.

"ஆகஸ்டுலதான் ஐம்பது முடியுது" என்றேன்.

"பிப்ரவரி பதிமூணு உலக வானொலி நாள் சார். அன்னைக்கு வச்சாத்தான் நாலு பேரு பாப்பாங்க. தேதியில என்ன இருக்கு?"

தேதியை விற்றுச் சாப்பிடுகிறவன் வாயில் வந்த வார்த்தை இது.

பட்டம் என்றதும் வன்னியபெருமாளுக்கு முகம் நெய் தடவினதுபோல ஆகிவிட்டது. ஒன்பது பேர் பொய் என்று அவன் சொல்லவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து கதையை முடித்தான். ஐந்து பேரைக் காலமாக்கினான். மூன்று பேரை வெளிநாட்டுக்கு அனுப்பினான். சூசைமிக்கேல் கனடாவில் மகன் வீட்டில் இருக்கிறாராம். மீதி இருந்தது செல்வராணி. அவளையும் கொல்லத்தான் போனான், ஜாபேஸ் தடுத்துவிட்டான்.

"லேடீஸ் ஒருத்தராவது உசுரோட வேணும் அண்ணாச்சி. ஆம்பளைங்களா நின்னா வீடியோ ஓடாது."

"அந்தம்மா எங்க இருக்காளோ" என்று இழுத்தான் வன்னியபெருமாள். பிறகு அவன் கண் காப்பி தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த முருகேஸ்வரி பக்கம் போனது. "ஏளா, நீதான் கடைப்பக்கம் வாரதே இல்லையே. உன்ன யாருக்குத் தெரியும். நீயே செல்வராணின்னு ஏறி வாங்கிட்டு வந்துரு."

ஜாபேஸ் ஒரு விநாடி அவளைப் பார்த்தான். "ஆன்ட்டிக்கு நல்ல முகக்களை. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான்.

எழுபது வயதுப் பெண்ணிடம், அவள் வீட்டுக் கூடத்தில், அவள் புருஷன் இப்படிக் கேட்கிறான். அவள் பெயரைக் கார்டில் போட்டால் கேவலம் என்று கிழித்தவன். இப்போது குடத்தில் வெட்டின பெயரை மாட்டிக்கொண்டு மேடையில் ஏறு என்கிறான். இப்படி ஒரு அவமானத்தை யோசித்துக் கண்டுபிடிக்கக்கூட அவனுக்கு அறிவு கிடையாது, சும்மா இருந்தபடியே செய்தான். அவள் "சரி" என்றாள். தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விழா பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. இருநூறு நாற்காலி, நூற்றுச் சொச்சம் ஆட்கள், அதில் பாதி ஜாபேஸ் ஆட்கள். மேடையில் பெரிய ரேடியோப் படம், அதன் நடுவில் வன்னியபெருமாளின் முகம். தலைமை தாங்கிய வர்த்தகப் பிரமுகர் வானொலியைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். தகவல்கள் எல்லாம் செல்பேசியில் இருந்தன, சார்ஜ் தீர்ந்ததும் உரையை முடித்துக்கொண்டார். மறைந்த உறுப்பினர்கள் ஆறு பேருக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனம். ஆறில் ஐந்து பேர் பிறக்கவே இல்லை. செந்தூர்வேலுக்குக் கணக்குப்படி பத்து விநாடிதான் கிடைத்தது. வர்த்தகப் பிரமுகர் கிருபாபாயைத் தனக்கு நேரில் தெரியும் என்றார். நல்ல குரல்வளமாம்.

பிறகு கேசட்டைப் போட்டார்கள். அறிவிப்பாளரின் குரல் மண்டபம் முழுக்க வந்தது. ஒவ்வொரு பெயராக நிறுத்தி, அந்த வரிசையிலேயே ஷீல்டு. வன்னியபெருமாள் பட்டமும் சால்வையும் வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஷீல்டு அனுப்பி வைக்கப்படும் என்று சொல்லப்பட்டது. செல்வராணி பெயர் வந்தது. அதற்கு அடுத்தது நான். முதல் வரிசையில், வெள்ளை வேட்டியைச் சரி செய்துகொண்டு, எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

முருகேஸ்வரி மேடையில் ஏறினாள். அரக்குக்கரைப் பச்சைப் புடவை. ஜாபேஸ் ஷீல்டைக் கொடுத்து மைக்கை நீட்டினான். "செல்வராணி அம்மா, உங்க வானொலி அனுபவத்தச் சொல்லுங்க."

"என் பேரு முருகேஸ்வரி" என்றாள். "செல்வராணின்னு ஒருத்தி இந்த மன்றத்துல இல்ல. அது குடத்துல வெட்டின பேரு. கார்டெல்லாம் எழுதினது நான். பாட்டு கேட்டதும் நான். நான் எழுதின பேர நான் சொல்லுதேன்." வன்னியபெருமாளில் தொடங்கி, மூச்சு விடாமல், கேசட்டில் இருந்த அதே வரிசையில் சொன்னாள். எந்தக் கார்டு எந்தப் பாட்டுக்கு, எந்த வருஷம், எந்த மாதம் வாசிக்கப்பட்டது என்று நாலைந்தைச் சொன்னாள். "இதுல என் பேரு கெடையாது. ஒரு தடவ எழுதினேன், கிழிச்சுட்டாவ" என்றாள்.

வன்னியபெருமாள் சால்வையோடு எழுந்து வந்து மைக்கை வாங்கினான். சிரித்தான். பல வருஷம் கல்லாவில் உட்கார்ந்து பழகின சிரிப்பு. "வயசாயிட்டுல்லா. கொஞ்ச நாளா அம்மாவுக்கு நெதானம் இல்ல. தன் பேரே மறந்து போச்சு. நீங்க ஒண்ணும் நெனைக்கப்படாது" என்றான்.

ஆட்கள் ஐயோ பாவம் என்று தலையை ஆட்டினார்கள். முருகேஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. கீழே முதல் வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த மண்டபத்தில் உண்மை முழுதும் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான். கார்டு கிழிந்தபோது பக்கத்தில் இருந்தவன். நான் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாபேஸின் ஆள் ஒருத்தன் அவளைத் தோளைத் தொட்டு மெதுவாகக் கீழே இறக்கினான், நோயாளியை இறக்குகிறது மாதிரி. கேசட் ஓடியது. என் பெயர் வந்தது. கைதட்டினார்கள். ஏறி வாங்கிக்கொண்டேன்.

வீடியோ மூன்றாம் நாள் வந்தது. அவள் பேசினதில் 'என் பேரு முருகேஸ்வரி' இருக்கிறது, உடனே வன்னியபெருமாளின் விளக்கம் இருக்கிறது, அதன் பிறகு அவள் பெயர்களையும் பாட்டுகளையும் சொல்லுவது இருக்கிறது. குடமும் கார்டும் கிழித்ததும் இல்லை, அங்கே பின்னணி இசை. பூ உதிர்ந்தது. மேலே பெரிய எழுத்தில் 'தன் பெயரையே மறந்தும் வானொலியை மறக்காத செல்வராணி அம்மா' என்று தலைப்பு. நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும் கீழே வரிசையாகக் கிடந்தன. ஒரு டாக்டர் ஞாபக மறதிக்கு இசை எவ்வளவு நல்லது என்று நீளமாக எழுதியிருந்தார். 'இவர் பெயர் முருகேஸ்வரிதான், இவருக்கு மறதி இல்லை' என்று நான் ஒரு வரி எழுதினேன். இருநூறு பேருக்குக் கீழே அது போய்விட்டது, மறுநாள் தேடினேன், இல்லை.

வன்னியபெருமாள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் செல்பேசியை நீட்டிக்கொண்டிருக்கிறான். சில பேர் பெண்டாட்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவனை விசாரித்தார்கள். அடையாளம் தெரிந்த சொந்தக்காரர்கள் அவர்கள். பார்த்துக்கொண்டிருக்கிறோம், மருந்து கொடுக்கிறோம் என்று பதில் சொன்னானாம். ஒரு பொய்யைக் காப்பாற்ற உயிரோடு இருக்கிறவளைப் பைத்தியமாக்குவது அவனுக்கு ஒரு சீட்டு எழுதுகிற வேலைதான். இப்போது திருச்செந்தூரிலிருந்து அவள் தங்கச்சி வந்து, அடுப்பைப் பற்ற வைக்கக்கூட அவளை விடுவதில்லை.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். வன்னியபெருமாள் கடையில் இருந்தான். தங்கச்சி கோயிலுக்குப் போயிருந்தாள். முருகேஸ்வரி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் காப்பி போட எழுந்தாள், வேண்டாம் என்றேன். எதிரில் உட்கார்ந்தேன். அவள்தான் கேட்டாள்.

"அண்ணாச்சி, நான் பேரு மறந்தவளா?"

"இல்ல தங்கச்சி."

"உங்களுக்குத் தெரியும்லா. முன்னாலதான இருந்திய. எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

பொய் சொல்ல எனக்கு வராமல் இல்லை, இரண்டு பக்கத்துக்கு அச்சிலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "அடுத்து என் பேருதான் வரணும். அதான் பேசாம இருந்துட்டேன்" என்றேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க பேரு வந்தப்போ கேட்டேன் அண்ணாச்சி" என்றாள். "தெளிவாத்தான் வாசிச்சாவ."